சிறுவர் கதையை ‘நாடகத் தழுவல்’ செய்வது என்றால் என்ன? கதையை ஏன் மாற்றுகிறார்கள்?

படிப்பதற்காக எழுதப்பட்ட கதையை, நடிகர்கள் பேசியும் செய்தும் காட்டத்தக்க வடிவில் மாற்றி எழுதுவதே நாடகத் தழுவல். ஏட்டில் கதைசொல்லி ஒருவர் இருக்கிறார். மேடையில் பெரும்பாலும் அவர் இல்லை. மாற்றம் தேவைப்படுவது அதனால்தான்.

பஞ்சதந்திரத்தில், தன் குஞ்சுகளைத் தின்ற பாம்பை ஒழிக்க அரண்மனைப் பொற்சங்கிலியைக் கவர்ந்து வந்து அதன் பொந்தில் போடும் காகத்தை எடுத்துக்கொள்வோம். ‘காகம் துயரத்தில் ஆழ்ந்தது’ என்ற ஒரு வரி ஏட்டுக்குப் போதும். மேடையிலோ, கறுப்புத் துண்டைச் சிறகாக விரித்த நடிகை வெறுங்கூட்டைத் திரும்பத் திரும்பக் குனிந்து பார்க்க வேண்டும். அப்போதுதான் திருவையாற்றுப் பள்ளி ஒன்றின் முற்றத்தில், முன்வரிசையில் சம்மணமிட்டிருக்கும் ஆறு வயதுப் பிள்ளைக்கு அந்தத் துயரம் எட்டும். பாம்பு நெளிந்து வரும்போது பிள்ளைகள் “பின்னாடி பாரு!” என்று கத்துவார்கள், அந்தக் கூச்சலுக்கும் இடம் விட்டு எழுதுவதே இக்கலையின் அருமையான பகுதி என்பேன்.

கல்லணையில் பிரியும் காவிரி நீரை யாரும் அப்படியே நாற்றங்காலில் திருப்புவதில்லை. ஆறு, வாய்க்கால், மடை என்று அளவு குறைந்து வந்தால்தான் நாற்று நிற்கும். நீர் என்னவோ அதே காவிரி நீர்தான். தழுவலும் அப்படித்தான் நிகழ்ச்சிகளைச் சுருக்கி, பாத்திரங்களைக் குறைத்துக் கதையைப் பிள்ளைகளிடம் சேர்க்கிறது.

சிறுவர் நாடகத்தில் சிறுவர்களே நடிக்க வேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது யாருக்காக நடிக்கப்படுகிறது என்பதைக் குறிக்கும் பெயர், ஆகவே பெரியவர்களும் நடிக்கலாம்.