‘டப்’ என்று இடிக்கும் எடிசன் பெட்டி

கேள்வி: பழம்பொருள் சந்தையில் எடிசன் ஸ்டாண்டர்ட் போனோகிராஃப் (மெழுகு உருளையில் பதிந்த பாட்டைப் பாடும் பழைய பெட்டி) ஒன்று வாங்கினேன். சாவி கொடுத்தால் பாடுகிறது. ஆனால் பாட்டு நடுவில் உள்ளே ‘டப்’ என்று இடிக்கிறது, குரலும் ஒரு கணம் இழுபடுகிறது. வேகத் திருகைத் திருகிப் பார்த்தும் பயனில்லை. ஸ்பிரிங் போய்விட்டதா?
– வாசகர், எடிசன், நியூஜெர்சி

பதில்: நல்ல ஊரிலிருந்துதான் கேட்கிறீர்கள்! 1877-இல் இந்தப் பெட்டியின் பாட்டன், அதாவது எடிசனின் முதல் போனோகிராஃப், பிறந்த மென்லோ பார்க் உங்கள் ஊருக்குள்தானே இருக்கிறது.

முதலில் அந்தத் திருகை விட்டுவிடுங்கள். ஸ்பிரிங் போகவில்லை, கிரீஸ்தான் செத்துவிட்டது. பழைய கிரீஸ் பிசினாகி, ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. திடீரென்று விடுபடும்போதுதான் அந்த ‘டப்’. ஸ்பிரிங் இருக்கும் டப்பாவைத் திறந்து மண்ணெண்ணெயில் கழுவி, கிராஃபைட் கலந்த கிரீஸ் போட்டால் போதும். திறப்பதற்கு முன் சாவி முழுக்க இறங்கிவிட்டதா என்று இரண்டு தடவை பாருங்கள். நான் ஒருமுறை பார்க்காமல் திறந்தேன். ஸ்பிரிங் சீறி வந்து கட்டைவிரலில் நாலு தையல்.

மூடுவதற்கு முன், வேகத்தைக் கட்டுக்குள் வைக்கும் கவர்னரைக் கொஞ்ச நேரம் சுழலவிட்டு ரசியுங்கள். மெல்லிய தகடுகளில் மூன்று குண்டுகள். வேகம் கூடினால் அவை வெளியே விரியும். விரிந்தால் வட்டத்தகடு நகர்ந்து தோல்துண்டில் உரசும். உரசினால் வேகம் அடங்கும். மின்சாரமே இல்லாமல் இவ்வளவு ஒழுங்கு! நீங்கள் திருகியது அந்தத் தோல்துண்டின் இடத்தைத்தான். அதற்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். அப்புறம் உருளை மாட்டும் தண்டின் ஓரத்தில் ஒரு காகிதத் துண்டை ஒட்டி, விரல் நுனியில் தட்டவிட்டு எண்ணுங்கள். 15 வினாடிக்கு 40 தட்டு வந்தால் நிமிடத்துக்கு 160 சுற்று. சரியான வேகம் அதுதான்.

கேள்வி: கூடவே கிடைத்த நீல நிற உருளையையும் அதே பெட்டியில் போடலாமா?

பதில்: பெரும்பாலும் கூடாது. முனையால் உருளையை வருடிப் பாடும் சவுண்ட் பாக்ஸை நகர்த்துவது பாட்டின் கோடு அல்ல, தண்டில் வெட்டிய மரை. அதில் அங்குலத்துக்கு 100 மரை. உங்கள் கறுப்பு மெழுகு உருளையிலும் அதே 100 கோடு. இரண்டு நிமிடப் பாட்டு. நீல உருளை 1912-இல் வந்த எடிசனின் ‘நீல அம்பெரால்’, மெழுகல்ல, செல்லுலாய்டு. 200 கோடு, நான்கு நிமிடம். அதற்குத் தனிப் பல்சக்கரமும் இன்னும் பொடியான நீலக்கல் முனையும் வேண்டும். இந்தக் கோடுகளில் பாட்டு பக்கவாட்டில் இல்லை, மேடும் பள்ளமுமாக இருக்கிறது. அந்த ஆழம் தலைமுடியின் பாதிக் கனம்கூட இராது. தடித்த முனை ஏறினால் உழுதுவிடும்.

கேள்வி: மெழுகு உருளையில் வெள்ளைப் புள்ளிகள். கழுவலாமா?

பதில்: வேண்டாம். அது பூஞ்சை, மெழுகைத் தின்றது தின்றதுதான், அந்த இடம் இனி இரையும். மென்மையான பிரஷ்ஷால் தூசியை மட்டும் தட்டுங்கள். நீல உருளையிலும் தண்ணீர் படக்கூடாது, உள்ளே இருப்பது சுண்ணச்சாந்து. ஊதிவிடும். எடுக்கும்போது வெளிப்பக்கத்தைப் பிடிக்காதீர்கள். இரண்டு விரலை உள்ளே விட்டு விரித்துத் தூக்குங்கள். உங்கள் ஊர்க் குளிரில் கைச்சூடு பட்டாலே மெழுகு விரிசல் விடும்.