அட்வான்ஸ் கொடுத்த கடதாசியும் 1840ஆம் ஆண்டுச் சட்டமும்

கேள்வி: வணக்கம் சேர். நான் கொட்டகலைப் பக்கம் ஒரு தோட்டத்தைச் சேர்ந்தவள். பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் இரண்டாம் வருடம் படிக்கிறேன். இந்த செமஸ்டரில் ஒப்பந்தச் சட்டம் ஒரு பாடம். அப்பா ஓய்வு பெற்றபோது கிடைத்த ஊழியர் சேமலாப நிதிப் பணத்தில் 4 இலட்சம் ரூபாயை ஒரு காணிக்கு அட்வான்ஸாகக் கொடுத்தார். 10 பேர்ச், பேசிய விலை 12 இலட்சம். மிச்சத்தை ஆறு மாதத்துக்குள் கொடுப்பதாகக் கடதாசியில் எழுதி, முத்திரை ஒட்டி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். தரகரும் கடைக்காரர் ஒருவரும் சாட்சி. "நான் பின்வாங்கினால் அட்வான்ஸை இரண்டு மடங்காகத் தருவேன்" என்றும் அதில் இருக்கிறது. ஐந்தாம் மாதம் மிச்சக் காசோடு போனபோது, வேறு ஆள் கூட விலை தருவதாகச் சொல்லிக் காணிக்காரர் மறுத்துவிட்டார். அட்வான்ஸைக் கேட்டால் "காசு வரும்போது தருகிறேன்" என்கிறார். நான் படித்த புத்தகப்படி முன்வருதல், ஏற்பு, பிரதிபலன் மூன்றும் இருக்கின்றன. வழக்குப் போட்டால் காணி கிடைக்குமா? இரண்டு மடங்கு கேட்கலாமா? இன்னொன்று: 17 வயதுத் தம்பி தவணைக்கு ஒரு போன் வாங்கிக் கையெழுத்துப் போட்டிருக்கிறான். அது செல்லுமா?

பதில்:

மகள், முதலில் கசப்பான பதிலைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கடதாசியைக் காட்டிக் காணியைக் கேட்க முடியாது. இரண்டு மடங்கும் கேட்க முடியாது. ஆனால் அப்பாவின் 4 இலட்சத்தைத் திருப்பி வாங்க நல்ல வழி இருக்கிறது. அதற்குக் கால எல்லையும் இருக்கிறது, அதனால் நாளைக் கடத்தாதீர்கள்.

நீங்கள் படித்த புத்தகம் எதுவென்று எனக்குத் தெரியாது. ஆனால் தமிழில் கிடைக்கும் ஒப்பந்தச் சட்டப் புத்தகங்களும் வீடியோக்களும் பெரும்பாலும் இந்தியாவின் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தை வைத்துச் செய்யப்பட்டவை. அந்தச் சட்டம் கடல் தாண்டி இங்கே வரவில்லை. நம் இலங்கையில் பொதுவான ஒப்பந்தச் சட்டம் உரோமன் டச்சுச் சட்டம். ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், கரையோரத்தை ஆண்டபோது கொண்டுவந்ததை ஆங்கிலேயர் 1799இல் அப்படியே தொடர விட்டார்கள். மலைநாட்டை ஒல்லாந்தர் ஒருநாளும் ஆண்டதில்லை, கண்டி இராச்சியம் 1815இல்தான் ஆங்கிலேயர் கைக்குப் போனது. அப்புறம் 1852இல் வந்த 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், கண்டியச் சட்டம் பேசாத விடயங்களில் கரையோரத்துச் சட்டமே இங்கும் செல்லும் என்றது. இன்று கொட்டகலையில் போடுகிற ஒப்பந்தத்தை ஒல்லாந்தர் விட்டுப்போன சட்டத்தால் அளக்க வேண்டியிருப்பது அப்படித்தான்.

இதனால் உங்கள் பாடத்தில் வருகிற முதல் வித்தியாசம் பிரதிபலன். ஒரு வாக்கைக் கொடுத்தவருக்குப் பதிலுக்கு ஏதாவது கிடைத்தால்தான் அந்த வாக்கு ஒப்பந்தமாகும் என்பது ஆங்கிலச் சட்டம், இந்தியச் சட்டமும் அந்த வழிதான். உரோமன் டச்சுச் சட்டம் அப்படிக் கேட்பதில்லை. யோசித்து, மனதாரக் கொடுத்த வாக்கா, அதற்கு நியாயமான ஒரு காரணம் இருந்ததா என்றுதான் பார்க்கிறது. 1918இல் ஜயவிக்கிரம எதிர் அமரசூரிய வழக்கு இங்கிருந்து இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது, அன்று நம் மேன்முறையீடுகளுக்குக் கடைசி இடம் அதுதான். குடும்பத்துக்குள் கொடுக்கப்பட்ட ஒரு பண வாக்குறுதி பற்றிய வழக்கு அது. நியாயமான காரணம் என்பது ஆங்கிலேயரின் பிரதிபலனைவிட விரிந்தது, ஒழுக்கக் கடமையும் அதற்குள் அடங்கும் என்று அங்கே தீர்ப்பானது. பரீட்சையில் இலங்கைச் சட்டம் கேட்டால் இந்த வழக்கை எழுதுங்கள். மாற்றுண்டியல், காசோலை மாதிரி விடயங்களில் மட்டும் அதே 1852ஆம் ஆண்டுச் சட்டம் ஆங்கிலச் சட்டத்தை உள்ளே விட்டிருக்கிறது என்பதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, உரோமன் டச்சுச் சட்டம் இவ்வளவு தாராளமாக இருக்கும்போது அப்பாவின் ஒப்பந்தம் ஏன் நிற்கவில்லை? மரக்கறித் தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். நுவரெலியாப் பக்கம் லீக்ஸ் பிடுங்க இன்னும் பத்து நாள் இருக்கும். லொறிக்காரர் வரப்பில் நின்றபடியே இரண்டு செடியைப் பிடுங்கித் தண்டின் பருமனைப் பார்ப்பார், கிலோவுக்கு ஒரு விலை சொல்வார், ஐயாயிரத்தை எண்ணிக் கையில் கொடுத்துவிட்டுப் போவார். கடதாசியும் இல்லை, கையெழுத்தும் இல்லை. ஆனாலும் அது சட்டம் ஏற்கிற ஒப்பந்தம். பொருள் விற்பனைக்கு இருப்பது 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். எழுத்து இருக்க வேண்டும், அல்லது விலையில் ஒரு பகுதியாவது கைமாறியிருக்க வேண்டும், அல்லது வாங்குபவர் பொருளில் ஒரு பகுதியையாவது ஏற்றுப் பெற்றிருக்க வேண்டும். மூன்றில் ஒன்று இருந்தால் வழக்குப் போடலாம் என்று அது சொல்கிறது. அந்த ஐயாயிரம் போதும். சந்தையில் விலை விழுந்துவிட்டது என்று லொறிக்காரர் வராமல் இருந்தால் விவசாயி நட்டம் கேட்கலாம். விலை ஏறியதென்று விவசாயி வேறு லொறிக்கு ஏற்றினால் இவரும் கேட்கலாம்.

காணி என்று வந்தால் கதையே வேறு. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகளைத் தடுக்கும் கட்டளைச் சட்டத்தின் 2ஆம் பிரிவு உங்கள் விடயத்தில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. காணியை விற்பது, ஈடு வைப்பது மட்டுமில்லை. "பிறகு விற்கிறேன்" என்று கொடுக்கிற வாக்கும் எழுத்தில் இருக்க வேண்டும். காணி உறுதி எழுதுகிற உரிமம் பெற்ற நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளும் அதே நேரத்தில் கூட இருக்க, கையெழுத்து விழ வேண்டும். இல்லாவிட்டால் சட்டத்தில் அதற்கு வலுவே இல்லை. மாதத்துக்கு மேற்படாத வாடகை மாதிரிச் சில விடயங்களுக்குத்தான் விலக்கு. இந்தியாவின் 1872ஆம் ஆண்டுச் சட்டத்தில் இப்படி ஒரு நொத்தாரிசு விதி கிடையாது. அதனால்தான் உங்கள் புத்தகத்தின்படி மூன்று அம்சமும் இருந்தும் ஒப்பந்தம் இல்லாமல் போகிறது.

அப்பாவின் கடதாசியில் எழுத்து இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது, சாட்சிகளும் இரண்டு பேர். ஒரே ஒரு ஆள்தான் இல்லை, நொத்தாரிசு. முத்திரை ஒட்டினால் ஆவணம் பலமாகிவிடும் என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். முத்திரை அரசாங்கத்துக்குப் போகிற வரி, அவ்வளவுதான். இந்த நம்பிக்கையால் சேமலாப நிதிக் காசையும் அடகு வைத்த நகையின் காசையும் கொடுத்துவிட்டு வந்து நின்றவர்கள் என் மேசைக்கு முன்னால் எத்தனையோ பேர். அந்தக் காசு முப்பது வருடம் கொழுந்து பறித்த, கவ்வாத்து வெட்டிய காசு. அதனால்தான் இந்தப் பிரிவைப் பற்றி எவர் கேட்டாலும் சலிக்காமல் சொல்கிறேன்.

இரண்டு மடங்கு என்ற வாசகமும் அதே கடதாசியில்தான் இருக்கிறது. கடதாசிக்கே வலு இல்லாதபோது அதற்குள் இருக்கிற தண்ட வாசகம் மட்டும் தனியாக உயிரோடு நிற்காது.

இனி பணம். காணியை எழுதித் தர மாட்டேன், வாங்கிய 4 இலட்சத்தையும் வைத்துக்கொள்வேன் என்று அவர் சொல்லச் சட்டம் விடாது. ஒருவர் நியாயமில்லாமல் இன்னொருவரின் பணத்தில் செழிக்கக்கூடாது என்பது உரோமன் டச்சுச் சட்டத்தின் பழைய கொள்கை. இங்கே நீங்கள் கேட்பது ஒப்பந்தத்தை நிறைவேற்றச் சொல்லி இல்லை, கொடுத்ததைத் திருப்பித் தரச் சொல்லி. அதனால் அந்தக் கடதாசி ஒப்பந்தமாகச் செல்லாவிட்டாலும், பணம் வாங்கியதற்கு அத்தாட்சியாக உங்களுக்குக் கைகொடுக்கும். இதில் முக்கியமான ஒரு விடயம், மாறினவர் விற்பவர்தான் என்பது. அவர் எழுதித் தரத் தயாராக இருந்து, அப்பா "வேண்டாம்" என்று விலகியிருந்தால் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்பது மிகவும் கஷ்டமாகியிருக்கும். ஆகவே ஐந்தாம் மாதம் மிச்சக் காசோடு போனதற்கு என்ன சாட்சி இருக்கிறது என்று இப்போதே எழுதி வையுங்கள். யாரோடு போனார், அந்தக் காசை எந்த வங்கியில் எந்தத் தேதியில் எடுத்தார், அவர் என்ன சொன்னார், எல்லாம் வேண்டும். "காசு வரும்போது தருகிறேன்" என்பதை வட்ஸ்அப்பில் சொல்லியிருந்தால் அழிக்காதீர்கள். 2006ஆம் ஆண்டின் இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் காணி விற்பனையை மின்னணு வழியில் செய்ய இடம் தரவில்லை, ஆனால் கடனை ஒத்துக்கொண்டதற்கு அந்தக் குரல்பதிவு நல்ல சான்று.

கால எல்லை 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தில் இருக்கிறது. எழுத்து ஒப்பந்தத்துக்கு 6 வருடம், வாய் ஒப்பந்தத்துக்கு 3 வருடம். இதில் ஆறு வருடத்தை நம்பி உட்கார வேண்டாம். கையில் எழுத்து இருந்தாலும் நீங்கள் போடப்போவது ஒப்பந்த வழக்கு இல்லை. மூன்று வருடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சட்டத்தரணி மூலம் பதிவுத் தபாலில் கோரிக்கைக் கடிதம் போகட்டும். 4 இலட்சம் எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது, எந்தத் தேதியில் அவர் மறுத்தார், எத்தனை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்பது அதில் தெளிவாக வேண்டும். அப்புறம் உங்கள் பகுதி மத்தியஸ்த சபை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தில் வந்தது. குறிப்பிட்ட தொகைக்கு உட்பட்ட பிணக்கென்றால் சபையின் சான்றிதழ் இல்லாமல் நீதிமன்றம் வழக்கை எடுக்காது. அங்கே அவர் தவணையாகத் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டால் தேதியோடு எழுதி வாங்குங்கள். செலவுக்கு வழியில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, நீதிமன்ற வளாகங்களில் அதன் நிலையங்களை விசாரியுங்கள். பொலிஸுக்குப் போகலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வாக்குத் தவறுவது மட்டும் குற்றமில்லை. விற்க உரிமையே இல்லாத காணியைக் காட்டி முதல் நாளே ஏமாற்றத்தான் பணம் வாங்கினார் என்றால் அது வேறு.

அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். காணிப் பதிவகத்தில் பதிவு விவரம் எடுத்துப் பார்த்தீர்களா? அது சொந்த உறுதிப் பத்திரம் உள்ள காணியா, அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பேர்மிட் காணியா? மலையகத்தில் பேர்மிட் காணிகள் நிறைய. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் கொடுத்த காணியை அரச அனுமதி இல்லாமல் விற்றால் செல்லாது. தோட்டக் காணியில் ஒரு துண்டைக் காட்டியிருந்தால் இன்னும் கவனமாக இருங்கள். அதில் பெரும்பகுதி அரச காணி, கம்பனிகளிடம் குத்தகையில்தான் இருக்கிறது.

அவர் மனம் மாறி "பழைய விலைக்கே தருகிறேன்" என்று வந்தாலும் இன்னொரு ரூபாய் கையில் கொடுக்காதீர்கள். நொத்தாரிசிடம் போய் விற்பனை ஒப்பந்தம் எழுதி, ஏற்கெனவே கொடுத்த 4 இலட்சத்தை அதில் குறிப்பிட்டு, காணிப் பதிவகத்தில் பதிந்துகொள்ளுங்கள். பதிந்துவிட்டால் பிறகு வேறு ஒருவருக்கு எழுதினாலும் உங்களுக்கு முன்னுரிமை வாதாட இடம் உண்டு. அப்படி ஒரு ஒப்பந்தம் இருந்தால் அவர் மறுக்கும்போது காணியையே எழுதித் தரும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம்.

தம்பியின் போன் சின்ன விடயம். 1989ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு இங்கே பராய வயது 18. அதற்குக் கீழ் உள்ளவர் பெற்றோர் துணையில்லாமல் போட்ட ஒப்பந்தம் அவரைக் கட்டாது, கடைக்காரரைக் கட்டும். இங்கேயும் இந்தியப் புத்தகத்தைத் திறக்காதீர்கள், அங்கே 1903இல் வந்த ஒரு தீர்ப்புக்குப் பிறகு அப்படிப்பட்ட ஒப்பந்தம் அடியோடு செல்லாதது. இங்கே அப்பா ஒப்புக்கொண்டால் அது செல்லுபடியாகிவிடும். அதனால் அப்பா எந்தத் தவணையும் கட்டுவதற்கு முன்னால் யோசியுங்கள். போனை வைத்துக்கொண்டு காசு மட்டும் தர மாட்டேன் என்பதும் சரிவராது, இருக்கிற பெறுமதிக்குப் பதில் சொல்ல வேண்டும். போனைத் திருப்பிக் கொடுத்துக் கணக்கை முடிப்பதுதான் நல்லது.

அட்வான்ஸ் கடதாசியின் அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள், தரகரிடமும்தான். கோரிக்கைக் கடிதத்தோடு போகிறது போட்டோப் பிரதி மட்டும். மத்தியஸ்த சபைக்கு அசலைக் கொண்டுபோனால் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கி, அப்பாவின் பையில் வைத்துக்கொண்டு வாருங்கள்.