நத்தார் பானமும் நம்பி வாங்கியவர்களும்

கேள்வி: நடுச்சாமப் பூசை முடிந்து வருபவர்களுக்காகச் சிவப்பு வைனில் கறுவா, கராம்பு, தோடம்பழத் தோல் போட்டு அரை மணித்தியாலம் கொதிக்க வைத்தேன். கசந்தது, வெறியும் இல்லை. கலப்பட வைனா? (வவுனியா)

பதில்: கடைக்காரரை விடுங்கள். மதுசாரம் 78 பாகை செல்சியஸில் கொதிக்கும். உங்கள் வெறி அடுப்படிக் கூரைக்குப் போய்விட்டது. கசப்பு, தோலின் வெள்ளைப் பகுதியில் இருந்து வந்தது. ஆவி எழும்பியதும் இறக்க வேண்டும்.

கேள்வி: நத்தார் வைனுக்கென்று கறுவாத்தூள் பைக்கற் வாங்கினேன். பானம் கலங்கி, அடியில் கூழாக நிற்கிறது. (கிளிநொச்சி)

பதில்: தூள்! ஒரு காலத்தில் இந்தத் தீவின் கறுவாவுக்காகவே வெள்ளைக்காரன் கப்பல் விட்டான். 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் சிலோன் கறுவாவுக்குப் புவிசார் குறியீடும் கொடுத்தது. நாங்களோ எந்த மரத்துப் பட்டை என்றே தெரியாத தூளைக் காசு கொடுத்து வாங்குகிறோம். பட்டையாக வாங்கினால் கண்ணாலேயே பிடித்துவிடலாம். எங்கள் கறுவா, கடதாசி போல மெல்லிய பட்டைகளை ஒன்றுக்குள் ஒன்று வைத்துச் சுருட்டியது, விரலால் நொறுங்கும். கறுவா என்ற பெயரில் விற்கிற இன்னொரு மரத்துப் பட்டையான காசியா, தடித்த ஒற்றைப் பட்டை, விறகு மாதிரி. அதில் கூமரின் என்ற இயற்கைப் பொருள் அதிகம், தொடர்ந்து கூடுதலாக உள்ளே போனால் ஈரலுக்குக் கூடாது. தூளாக்கிய பிறகு எதைப் பார்த்துப் பிடிப்பது? மிளகாயை வறுத்து மில்லுக்குக் கொண்டுபோய், பக்கத்தில் நின்று திரிப்பிக்கிற சனம் நாங்கள். கறுவாவில் மட்டும் ஏன் இந்த நம்பிக்கை? பட்டையை முழுதாகப் போட்டு, குடிக்கும் முன் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: லேபல் இல்லாத சாராயம் அரை விலைக்கு வருகிறது. இஞ்சி, பனங்கட்டி போட்டுச் சுடவைத்தால் பிரச்சினை இல்லைத்தானே? (முல்லைத்தீவு)

பதில்: இருக்கிறது. மெதனோல் என்ற நச்சு மதுசாரம் கலந்திருந்தால் கண் போகும், உயிரும் போகலாம்.

கேள்வி: இஞ்சி வைன் போத்தலில் அச்சடித்த விலையைவிட 150 ரூபா கூட எடுத்தார்கள். "நத்தார் நேரம் அப்படித்தான்" என்றார்கள். முகம் சுழித்தபடிதான் பில் தந்தார்கள். (மன்னார்)

பதில்: விடாமல் பில் கேட்டு வாங்கினீர்களே அம்மா, நல்ல வேலை செய்தீர்கள். குறித்த விலைக்கு மேல் விற்பது குற்றம், நத்தாருக்கென்று விலக்கு ஒன்றும் இல்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அந்தச் சபைக்கு எழுத்தில் முறையிடுவதானால் வாங்கி மூன்று மாதத்துக்குள் செய்யுங்கள். போத்தலைக் கழுவ வேண்டாம். விலை லேபலில்தானே இருக்கிறது.

கேள்வி: சுடுபானத்துக்கு எந்தக் கிளாஸ் வாங்கலாம்? (மாங்குளம்)

பதில்: என்னிடமா கேட்கிறீர்கள்? போன மாரியில், "சூடு தாங்கும்" என்று கூவி விற்றவரிடம் ஆறு கிளாஸ் வாங்கினேன். இஞ்சித் தேத்தண்ணி ஊற்றிய உடனேயே இரண்டு வெடித்தன. மேசைவிரிப்பில் கறை இன்னும் போகவில்லை. மற்ற நாலிலும் பூ வைத்திருக்கிறேன். பிடி வைத்த பீங்கான் கோப்பை வாங்குங்கள்.