காளைய லீசுக்கு விடறதுக்கு முன்னாடி அந்தக் காலண்டர எடுங்க

கேள்வி: எங்க ஊரு மூலனூர் பக்கம். நான் திருப்பூர்ல பனியன் கம்பெனில சூப்பர்வைசர். வீட்ல ஏழு வயசுல காங்கேயம் பூச்சிக்காளை (மாடு சினையாக சேர்க்கைக்கு விடற பொலிகாளை) ஒண்ணு இருக்கு, அப்பா கண்ணபுரம் சந்தைல கன்னா புடிச்சிட்டு வந்தது. பல்லடம் பக்கம் 25 நாட்டு மாடு வச்சிருக்கிற ஒரு பண்ணைக்காரர் ஒரு வருஷ லீசுக்கு 80,000 தர்றேங்கிறார், டோக்கன் 10,000 எனக்கு ஜிபே பண்ணிட்டார். ஊர்ல ஒரு சேர்க்கைக்கு 500 ரூபா, மாசம் ஏழெட்டு மாடு வரும், தீவனம் போக ஒண்ணும் நிக்காது. அப்பாவுக்கு இப்ப கண்ணு சரியாத் தெரியறதில்ல. காளைய அக்காதான் பாத்துக்குது, எந்த மாடு எப்ப வந்துச்சுன்னு மளிகைக்கடை காலண்டர்ல குறிச்சு வைக்கும், ஆனா அது கட்டிக்கொடுத்த பொண்ணு, புருஷன் வீட்ல இருந்து வந்து இருக்குது, அதுகிட்ட கேக்கணும்னு இல்ல. லீசுக்கு விடலாமா? அக்ரிமெண்ட் எப்படிப் போடறது?

பதில்: தம்பி, நீங்க அனுப்புனது ஆறு பக்கம், இடம் பத்தாம சுருக்கிப் போட்டிருக்கோம். அந்த ஆறு பக்கத்துல 80,000ங்கிறது ஒம்போது தடவ வருது, எண்ணிப் பாத்தேன். அக்கா ஒரே ஒரு தடவதான் வர்றாங்க. அக்காவ ‘அது’ன்னு சொல்றது நம்ம பக்கத்து வழக்கம், உரிமைல சொல்றது, அதுக்கு நான் கோவிக்கல. ‘அதுகிட்ட கேக்கணும்னு இல்ல’ன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அங்கதான் எனக்கு சுர்ருன்னு ஏறுச்சு.

இந்த லெட்டர் எனக்குப் புதுசு இல்ல. 2017 ஜல்லிக்கட்டு போராட்டத்துக்கு அப்புறம் நாட்டு மாடு வாங்குனவங்க நெறைய பேரு, நல்ல விஷயம்தான், ஆனா பசு வாங்குற ஆசை இருந்த அளவுக்குக் காளை கட்டி வளக்கத் தெம்பு இல்ல, அதனால பூச்சிக்காளை இருக்கிற வீட்டு வாசல்ல கார்ல வந்து எறங்கி லீசு பேசறாங்க. காளையா இருந்தாலும் சரி, வயலு, பம்புசெட்டு எதுவா இருந்தாலும் சரி, எனக்கு வர்ற கடிதத்துல வெல பேசறது ஒருத்தரா இருக்கும், சாணி அள்ளறது இன்னொருத்தரா இருக்கும்.

சரி, அந்தக் காலண்டருக்கு வருவோம். நீங்க போற போக்குல எழுதிட்டீங்க, நான் அதை விடறதா இல்ல. அந்தக் கட்டத்துக்குள்ள உங்க அக்கா என்ன எழுதியிருப்பாங்கன்னு எப்பவாச்சும் பாத்திருக்கீங்களா? யாரு வீட்டு மாடு, நெறம் மயிலையா செவலையா, எத்தனாவது ஈத்து, பருவத்துக்கு வந்து காலைல கத்துன மாட்ட சாயங்காலம் கொண்டாந்தாங்களா இல்ல மறுநாள் ஆற அமர ஓட்டிட்டு வந்தாங்களா, இதெல்லாம் அவங்க பாஷைல ரெண்டு எழுத்துல இருக்கும். அதே மாடு 21 நாள் கழிச்சு மறுபடி வந்தா சினை நிக்கலன்னு அர்த்தம். ஒரு மாடு திரும்பி வந்தா மாட்டுல கோளாறு இருக்கலாம், தொடர்ந்து நாலஞ்சு மாடு திரும்பி வந்தா காளைய சந்தேகப்படணும். எழுதி வச்சிருந்தாத்தான் இது கண்ணுல படும். உங்க கம்பெனில பீஸ் ரிஜெக்ட் ஆச்சுன்னா எந்த லைன், எந்த டெய்லர்னு சீட்டப் பாத்துத்தானே புடிக்கிறீங்க, அந்த சீட்ட வீட்ல நாலு வருஷமா ஒரு மனுஷி சம்பளம் இல்லாம எழுதிட்டு இருக்காங்க, நீங்க அதை ‘குறிச்சு வைக்கும்’னு ரெண்டு வார்த்தைல முடிச்சிட்டீங்க.

அதுலயே உங்க கேள்விக்குப் பாதி பதில் இருக்கு, நீங்கதான் பாக்கல. காளைக்கு இப்ப ஏழு வயசு. மூணு வயசுல சேர்க்கைக்கு விட ஆரம்பிச்சிருந்தா மொதல் கன்னுங்க ஒம்போது சொச்ச மாசத்துல விழுந்திருக்கும். அதுல கிடாரிகளுக்கெல்லாம், அதாவது பொட்டக் கன்னுகளுக்கு, இப்ப மூணு வயசு தாண்டியிருக்கும், அதாவது பருவத்துக்கு வந்து கத்தற வயசு. ஓட்டிட்டு வர்றவருக்கு அது பக்கத்துத் தோட்டத்துக் கிடாரி, காளைக்கு அது சொந்த மக. அப்பனையும் மகளையும் சேத்துவிட்டா நோஞ்சான் கன்னும் பால் கொறைவும் சினை நிக்காத மாடும் ஊருக்குள்ள மெல்ல மெல்லப் பெருகும், எதனாலன்னு யாருக்கும் தெரியாது. அதனாலதான் விவரம் தெரிஞ்சவங்க ஒரே ஊர்ல ஒரு பூச்சிக்காளைய மூணு நாலு வருஷத்துக்கு மேல வச்சுக்க மாட்டாங்க, மாத்துவாங்க. ஆகவே காளைய வெளியூருக்கு அனுப்பறதுல எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல. அனுப்பத்தான் வேணும், அனுப்ப வேண்டிய நேரமும் இதுதான். இதை உங்க அக்கா ஏற்கெனவே கண்டுபுடிச்சிருப்பாங்க, நான் பந்தயம் கட்டறேன். எந்தக் கிடாரிய ‘வேணாம், சினை ஊசி போட்டுக்கோங்க’ன்னு திருப்பி அனுப்புனாங்கன்னு கேட்டுப் பாருங்க.

இப்ப கணக்கு. மாசம் எட்டு மாடுன்னே வச்சுக்குவோம், 4,000, வருஷத்துக்கு 48,000. தவிடு, புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, கோடைல வெல கொடுத்து வாங்குற சோளத்தட்டுன்னு போக ஒண்ணும் நிக்காதுதான், நீங்க சொல்றது நெசம். 80,000ங்கிறது நாளைக்கு 219 ரூபா, தீவனமும் அவர் செலவு, அப்ப லீசுதான் லாபம், இதுலயும் நான் உங்க கூட சண்டைக்கு வரல. ஆனா அந்த 500 ரூபா நோட்டு இன்னிக்கு யாரு கையில விழுது? கட்டுத்தறில நிக்கிற அக்கா கையில. தீவனத்துக்குப் போனாலும் அவங்க கைவழியாத்தான் போகுது, அதுல அம்பது நூறு மிச்சம் புடிச்சு என்ன பண்றாங்களோ நமக்குத் தெரியாது. லீசு 80,000 யாரு நம்பருக்கு வருது? டோக்கன் எங்க வந்துச்சோ அங்க.

காளை உங்களதும் இல்ல தம்பி. உங்கப்பா காசு கொடுத்து புடிச்சிட்டு வந்தது, அவரு உசுரோட இருக்காரு, அப்ப அது அவரோடது. கண்ணு தெரியலன்னா காது கேக்கும், வாய் பேசும். அவருகிட்ட சொன்னதா ஆறு பக்கத்துல எங்கயும் இல்லயே. ‘கட்டிக்கொடுத்த பொண்ணு’ங்கிற பேச்செல்லாம் வேற எங்கயாச்சும் வச்சுக்கங்க. குடும்பச் சொத்துல பொண்ணுக்கும் பையனுக்கும் சம பங்குன்னு தமிழ்நாட்டுல 1989லயும் நாடு பூராவுக்கும் 2005லயும் சட்டம் வந்தாச்சு. சட்டத்தை விடுங்க. அப்பாவுக்குச் சோறு போட்டு, காளைக்குத் தண்ணி காட்டி, நீங்க திருப்பூர்ல நிம்மதியா ஷிப்ட் பாக்குறீங்கன்னா அங்க ஒருத்தங்க இருக்கிறதாலதான். பொறந்த வீட்டுக்குத் திரும்பி வந்த அக்காவுக்குத் தம்பி செய்ய வேண்டியது ஒரு கடமை, அது அவங்க கையில இருக்கிறத எடுத்துக்கறதுல இருந்து ஆரம்பிக்காது. இதுல நான் பழைய காலத்து ஆளு, மாத்திக்க மாட்டேன்.

எங்க சித்தப்பா வீட்ல இப்படித்தான் ஒரு காரிக்காளை. அத்தை கயித்தப் புடிச்சா கன்னுக்குட்டி மாதிரி வரும், அரை டன் கிட்ட எடை. அத்தைய ஒரு வார்த்தை கேக்காம சித்தப்பா வெளியூருக்கு ஒரு வருஷத்துக்கு விட்டாரு. அங்க மாசத்துக்கு ஒரு ஆளு மாறியிருக்காங்க, ஒருத்தனுக்கும் அதோட சுபாவம் தெரியாது, மெரண்டா அடிச்சிருக்காங்க. ஏழாவது மாசம் மூக்கு கிழிஞ்சு திரும்பி வந்துச்சு, மூக்கணாங்கயிறு இருந்த எடத்துல சீழு. அத்தை மஞ்சளும் வேப்பெண்ணெயும் கொழச்சுப் போட்டுட்டு உக்காந்திருந்தாங்க, அந்தக் காளை அத்தையவே கிட்ட சேத்தல, தலைய ஆட்டி செருமுச்சு. அத்தை அன்னிக்கு அழுதது சித்தப்பாகிட்ட அழுத அழுகை இல்ல, சுவத்தப் பாத்து அழுதாங்க.

அக்ரிமெண்ட் கேட்டீங்கல்ல. பேப்பர் எழுதறதுக்கு முன்னாடி ரத்தம் எடுக்கணும். கன்னு வீச்சு நோய்னு ஒண்ணு இருக்கு, புரூசெல்லா, அஞ்சு மாசத்துக்கு மேல சினை கலைஞ்சு விழும், காளைக்கு விதை வீங்கலாம், ஒண்ணுமே வெளிய தெரியாமயும் இருக்கலாம். மனுஷங்களுக்கும் ஒட்டும், விட்டு விட்டுக் காய்ச்சலும் மூட்டு வலியுமா இழுத்தடிக்கும். பண்ணைக்காரரு ‘உங்க காளைக்கு டெஸ்ட் எடுத்தாச்சா’ன்னு கேப்பாரு, கேக்கட்டும், நீங்க திருப்பி ‘உங்க 25 மாட்டுக்கும் எடுத்தாச்சா’ன்னு கேளுங்க, எத்தனை மாடு கன்னு வீசுச்சுன்னும் கேளுங்க, ஏன்னா அங்க வாங்கிட்டு வந்தா ஒரு வருஷம் கழிச்சு அது நிக்கப் போறது உங்க அக்கா பக்கத்துல. திரும்பி வந்தாலும் நேரா கட்டுத்தறிக்குள்ள விடாம ஒரு மாசமாச்சும் தனியாக் கட்டி மறுபடி டெஸ்ட் எடுத்துட்டுத்தான் ஊரு மாட்டுக்கு விடணும். அப்புறம் கோமாரி தடுப்பூசி போட்டது எப்பன்னு ரெண்டு பக்கமும் எழுதிக்கங்க.

பேப்பர்ல, வாரத்துக்கு ரெண்டு மூணு சேர்க்கைக்கு மேல கூடாது, அவரோட 25 மாட்டுக்கு மட்டும்தான், பக்கத்துப் பண்ணைக்கு உள்வாடகை விடக்கூடாது, ரேக்ளா வண்டில பூட்டக்கூடாது, கயிறு புடிக்கிற ஆளு ஒரே ஆளா இருக்கணும், காளை செத்தா கால் ஒடிஞ்சா யாரு பொறுப்பு, இன்சூரன்ஸ் பணம் யாரு கட்டறது, இதெல்லாம் வரணும், காதுல இருக்கிற டேக் நம்பரும் ரெண்டு பக்க போட்டோவும் சேத்துக்கங்க. 2019ல தமிழ்நாட்டுல மாட்டின இனப்பெருக்கச் சட்டம்னு ஒண்ணு கொண்டாந்தாங்க, பொலிகாளை பதிவு விஷயமெல்லாம் அதுல வருது, உங்க கால்நடை மருந்தக டாக்டர்கிட்ட இப்ப என்ன நடைமுறைன்னு கேட்டுட்டு கையெழுத்துப் போடுங்க. கையெழுத்து அப்பாவோடது, பொறுப்பாளர்னு அக்கா பேரு, நீங்க சாட்சி. பண்ணைய நேர்ல பாத்துட்டு வர்றதும் அக்காதான், ஒரு நாள் லீவு போட்டு பைக்ல கூட்டிட்டுப் போங்க, அங்க தண்ணித் தொட்டியும் கட்டற எடமும் பாத்துட்டு ‘வேணாம்’னு சொன்னாங்கன்னா அன்னிக்கே டோக்கனத் திருப்பி அனுப்பிடணும், ‘நல்ல பார்ட்டிக்கா’ன்னு இழுக்கக் கூடாது.

சரின்னு சொன்னா 80,000ல வேற வம்சத்துல வந்த நல்ல காளைக்கன்னு ஒண்ணு புடிங்க, ஊரு மாட்டுங்களுக்கும் காளை வேணுமில்ல. சித்திரைல கண்ணபுரம் சந்தைக்கு அக்காவயும் கூட்டிட்டுப் போங்க. எந்தக் கன்னுன்னு அவங்க கைய நீட்டட்டும், நீங்க துண்டுக்கடியில விரலப் புடிச்சு வெல பேசுங்க, அதுல உங்களுக்கு சாமர்த்தியம் இருக்கு, லெட்டர் பாத்தாலே தெரியுது.

டோக்கன் 10,000ஐ இன்னிக்கே அக்கா நம்பருக்கு மாத்திடுங்க. அவங்களுக்கு ஜிபே இல்லன்னு எழுதிடாதீங்க, வச்சுக்கொடுக்க அஞ்சு நிமிஷம். ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போய் அந்த நாலு வருஷத்துக் காலண்டரையும் எடுத்து வைங்க. ஒரு குயர் நோட்டு வாங்கிட்டுப் போங்க. அக்கா வாசிக்கட்டும், நீங்க எழுதுங்க.