வாட்ச்சில் 150 வரவில்லை என்று ஓடாதீர்கள்

கேள்வி: எனக்கு வயது 41. நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கும் வேலை. நான்கு மாதமாகப் பதற்றம், தூக்கமில்லை. டாக்டர் பதற்றத்துக்கு செர்ட்ராலின் 50 மி.கி., படபடப்புக்கு ப்ரோப்ரனோலால் 20 மி.கி. இரண்டு வேளை எழுதிக்கொடுத்து, 'உடற்பயிற்சி செய்யுங்கள்' என்றார். ஜிம்மில் சேர்ந்தேன். நாடித்துடிப்பு 150-ஐத் தொட்டால்தான் மன அழுத்தம் குறையும் என்கிறார் ட்ரெய்னர். எவ்வளவு ஓடினாலும் என் வாட்ச் 125-ஐத் தாண்டுவதில்லை. போன வாரம் ட்ரெட்மில்லில் வேகத்தைக் கூட்டினேன். தலை சுற்றியது, நெஞ்சு படபடத்தது, செத்துவிடுவேன் என்று பயந்து இறங்கிவிட்டேன். மாத்திரைகளை விட்டுவிட்டு பயிற்சியை மட்டும் தொடரலாம் என்கிறார் அவர். என்ன செய்வது?

பதில்: முதலில் மாத்திரை. இரண்டில் எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். செர்ட்ராலினைத் திடீரென்று விட்டால் சில நாட்களில் கிறுகிறுப்பு, எரிச்சல், தூக்கக்கேடு, தலைக்குள் மின்சாரம் பாய்ந்து போவதுபோன்ற உணர்வு எல்லாம் வரலாம். நோய் முற்றிவிட்டது என்று நீங்கள் நினைப்பீர்கள்; மாத்திரைக்கு அடிமையாகிவிட்டீர்கள் என்று ட்ரெய்னர் சொல்வார். இரண்டும் தவறாக இருக்கும். ப்ரோப்ரனோலாலைச் சட்டென்று விட்டால், அதுவரை அடங்கியிருந்த துடிப்பு எகிறும். குறைப்பதானால் எழுதிக்கொடுத்தவரே படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

மாத்திரையை விடச் சொல்கிறவர்கள் வழக்கமாக ஓர் ஆய்வைக் கையில் வைத்திருப்பார்கள். 1999-ல் வெளியான டியூக் பல்கலைக்கழக ஆய்வு அது. மனச்சோர்வு உள்ள, 50 வயதைக் கடந்த 156 பேரில் ஒரு குழுவுக்குப் பயிற்சி, ஒரு குழுவுக்கு செர்ட்ராலின், மற்றொன்றுக்கு இரண்டும். 16 வாரம் கழித்து மூன்று குழுவுக்கும் ஏறக்குறைய ஒரே பலன். இதுவரை உண்மை. ஆனால் அங்கே வாரம் மூன்று நாள், ஆள் பக்கத்தில் நின்று கண்காணித்துப் பயிற்சி கொடுத்தார்கள். மாத்திரை கொடுத்த குழு முதல் சில வாரங்களில் வேகமாகத் தேறியது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மாத்திரையைப் பாதியில் விடலாமா என்பது அந்த ஆய்வின் கேள்வியே இல்லை.

இனி அந்த 150. எங்கிருந்து வந்தது தெரியுமா? இதயம் எட்டக்கூடிய உச்சத் துடிப்புக்கு, 220-லிருந்து வயதைக் கழி என்று ஒரு கணக்கு. உங்களுக்கு 179, அதில் 85 சதவீதம் 152. இது பெருங்கூட்டத்துக்குப் போட்ட சராசரி. தனி ஆளுக்கு 10, 12 துடிப்பு மேலேயோ கீழேயோ தள்ளி நிற்பது சாதாரணம். 41 வயதுள்ள ஒருவருக்கு உச்சம் 167 ஆகவும் இன்னொருவருக்கு 191 ஆகவும் இருக்கலாம். இரண்டு பேரும் நலமாகத்தான் இருப்பார்கள்.

உங்கள் விஷயத்தில் அந்தக் கணக்கே செல்லாது. ப்ரோப்ரனோலால் 'பீட்டா பிளாக்கர்' என்ற வகை மருந்து. அட்ரினலின் வந்து 'வேகமாக அடி' என்று சொன்னாலும் இதயம் அதைக் கேட்காதபடி தடுப்பதுதான் அதன் வேலை. அதனால் ஓடும்போது எட்டக்கூடிய உச்சமும் 20, 30 துடிப்பு, சிலருக்கு அதற்கு மேலும், இறங்கிவிடும். வாட்ச்சில் 125 காட்டியபோதே உங்கள் உடம்பு முழு முயற்சியில் இருந்திருக்கலாம். அங்கிருந்து 150-ஐத் துரத்தியது, மூடிய கதவில் முட்டியதற்குச் சமம். மாத்திரை போட்டு எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதைப் பொறுத்து இந்த மூடி இறுகும், தளரும். ஆகவே 'அப்படியானால் 120 வைத்துக்கொள்ளலாமா' என்று வேறொரு எண்ணையும் கேட்காதீர்கள். அட்டெனோலால், மெட்டோப்ரோலால் போன்றவற்றை ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடுகிறவர்களுக்கும் இதே கதைதான். படபடப்புக்காகப் பரவலாக எழுதப்படும் மருந்து ப்ரோப்ரனோலால். எழுதும்போது 'வாட்ச்சைப் பார்க்காதீர்கள்' என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். சொல்வதில்லை. சீட்டில் மாத்திரைக்கு மி.கி., வேளை, நாள் எல்லாம் இருக்கும்; பயிற்சிக்கு 'செய்யுங்கள்' என்ற ஒரு சொல் மட்டும். முழங்கால் வலி என்றால் பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பத் தெரிந்தவர்களுக்கு, மன அழுத்தம் என்றால் மட்டும் ஏன் தோன்றுவதில்லையோ. அந்த இடைவெளியில்தான் ஜிம்காரர் வந்து உட்கார்ந்துகொள்கிறார்.

வாட்ச்சுக்குப் பதிலாக வாயை நம்புங்கள். நடக்கும்போது வாக்கியம் வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான வேகம். பாட முடிந்தால் வேகம் போதாது. நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் அதிகம். பீட்டா பிளாக்கர் இந்த அளவுகோலை ஏமாற்றாது.

போன வாரம் நடந்ததற்கு வருகிறேன். உழைக்கும்போது தலை சுற்றியிருப்பதால், டாக்டரிடம் சொல்லி ஒரு ஈசிஜி எடுத்துவிடுங்கள்; அதுவரை ஓட வேண்டாம். நெஞ்சில் அழுத்தம், மயங்கி விழுதல், குடும்பத்தில் யாராவது இளம் வயதில் திடீரென்று இறந்தது இவற்றில் ஏதாவது இருந்தால் தள்ளிப்போடவே கூடாது. ப்ரோப்ரனோலால் தொடங்கிய பிறகு மூச்சில் விசில் சத்தம் வருகிறதா என்பதையும் சொல்லுங்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஒத்துக்கொள்ளாத மருந்து.

ஈசிஜி சரியாக இருந்து, இறங்கியதும் தலைச்சுற்றல் கூடியிருந்தால், காரணம் பெரும்பாலும் இதுதான்: வேகமாக ஓடிய கால்களில் ரத்தம் நிறைந்திருக்கும். கால் தசை சுருங்கிச் சுருங்கித்தான் அதை மேலே தள்ளுகிறது. சட்டென்று இறங்கி நின்றால் அந்த பம்ப் நின்றுவிடும், ரத்த அழுத்தம் இறங்கும், தலை சுற்றும். இதயத்தின் வேகத்தை மருந்து கட்டிவைத்திருப்பதால் உடம்பால் அதை உடனே ஈடுகட்டவும் முடியாது. வியர்வை, மூச்சு வாங்குதல், நெஞ்சில் அடிப்பு: பதற்றத் தாக்கில் வரும் அதே அடையாளங்கள். நான்கு மாதமாக எச்சரிக்கை மணியைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கும் மூளை, இதையும் ஆபத்து என்று படித்து மணியை அடித்துவிட்டது.

ஓடுவதற்கு முன் ஏதாவது பொடியைக் கலக்கிக் குடித்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. ஜிம்களில் 'ப்ரீ-வொர்க்அவுட்' என்று விற்கும் பொடிகளில் ஒரு கரண்டிக்கு 150 முதல் 300 மி.கி. கஃபீன் இருப்பது சகஜம். ஒரு கோப்பை காபியில் ஏறத்தாழ 80 முதல் 100. நலமாக இருப்பவர்களுக்கே ஒரே வேளையில் 200 மி.கி.க்கு மேல் வேண்டாம் என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் கணக்கு. பதற்றம் உள்ளவருக்கு இந்தப் பொடி, காசு கொடுத்து வாங்கும் படபடப்பு. 'கார்டிசாலைக் குறைக்கும்' மாத்திரை, பானம் என்று அடுத்து வரும். மன அழுத்தத்தில் சுரக்கும் ஹார்மோனான கார்டிசால் காலையில் உச்சத்திலும் நள்ளிரவில் அடியிலும் இருக்கும். கடுமையாகப் பயிற்சி செய்தாலும் கொஞ்ச நேரம் ஏறும். ஒரே ஒரு தடவை ரத்தம் எடுத்து அளந்துவிட்டு 'உங்களுக்கு ஸ்ட்ரெஸ் அதிகம்' என்று சொல்கிறவர், பெரும்பாலும் அடுத்து எதையோ விற்கப் போகிறார். வாட்ச் காட்டும் 'ஸ்ட்ரெஸ் ஸ்கோர்' துடிப்புகளுக்கு இடையிலுள்ள நேர மாறுபாட்டிலிருந்து போடும் ஊகம். ப்ரோப்ரனோலால் அதையும் குழப்பும். அணைத்து வையுங்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவு. முதல் இரண்டு வாரம், வாரம் 5 நாள், ஒரே நேரத்தில் 10 நிமிடம் நடை. மனம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கிளம்பாதீர்கள். மனம் சரியில்லாதவருக்கு அந்தக் கேள்விக்கான விடை எப்போதும் 'இன்று வேண்டாம்'தான். மூன்று, நான்காம் வாரம் 20 நிமிடம். ஐந்தாம் வாரத்திலிருந்து 30 நிமிடம். முதல் 5, கடைசி 5 நிமிடம் மெதுநடை. கடைசி 5 நிமிடத்தை எந்த அவசரத்திலும் வெட்டாதீர்கள், காரணம் மேலே சொன்னதுதான். வாரம் 150 நிமிடம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலின் கீழ் எல்லை; அதற்குக் குறைவாகச் செய்தாலும் பலன் உண்டு என்று அதிலேயே இருக்கிறது. ஏழாம் வாரம் முதல், வாரத்தில் இரண்டு நாள் மட்டும், நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது 10 தடவை, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது 10 தடவை, ஒவ்வொன்றும் இரண்டு சுற்று. எழும்போது மூச்சை அடக்காமல் வெளியே விடுங்கள்.

தூங்காத இரவுக்கு மறுநாள் நேரத்தைப் பாதியாக்குங்கள், ரத்து செய்யாதீர்கள். மூச்சு வாங்கவைக்கும் கடுமையான பயிற்சியைப் படுக்கைக்குப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பாவது முடித்துவிடுங்கள்.

நெஞ்சு அடித்தாலே பயம் என்பதற்கு நடை மட்டும் போதாது. ஈசிஜி சரி என்று தெரிந்த பிறகு, வீட்டில் ஒரு நிமிடம் நின்ற இடத்திலேயே காலைத் தூக்கித் தூக்கி வையுங்கள். பிறகு 5 நிமிடம் மெதுவாக உலாவுங்கள். படபடப்பை அடக்கவோ, நாடி பிடிக்கவோ, தண்ணீரைத் தேடவோ வேண்டாம். அது தானாக இறங்குவதைக் கவனியுங்கள். தினம் இரண்டு தடவை. பயம் சப்பென்று ஆனதும் ஒன்றரை நிமிடம், பிறகு இரண்டு. பதற்ற சிகிச்சையில் பழகிய முறை இது. தாக்குகள் அடிக்கடி வருகிறதென்றால் மனநல ஆலோசகர் பக்கத்தில் இருக்கும்போது தொடங்குங்கள்.

பலனை எப்போது எதிர்பார்ப்பது? நடந்து முடித்த அன்றே இரண்டொரு மணி நேரம் பதற்றம் தணியும். இதை மூன்றாம் நாளிலேயே சிலர் கவனிப்பார்கள். தூக்கமும் மனநிலையும் நிலையாகத் தேற 4 முதல் 8 வாரம் பிடிக்கும். ட்ரெய்னர்கள் எல்லாவற்றுக்கும் 'எண்டார்ஃபின்' (உடம்பே சுரக்கும் வலி தணிக்கும் பொருள்) என்பார்கள். ரத்தத்தில் ஏறும் எண்டார்ஃபின் மூளைக்குள் எளிதில் நுழைவதில்லை, விஷயம் அதைவிடச் சிக்கலானது. அந்த விளக்கம் உங்களுக்குத் தேவையும் இல்லை. நடப்பதற்கு முன் பதற்றம் 10-க்கு எத்தனை, நடந்த பின் எத்தனை என்று இரண்டு எண்களைக் குறித்து வையுங்கள், போதும். இடையில் சாவைப் பற்றிய எண்ணங்கள் வந்தால் எட்டு வாரமெல்லாம் காத்திருக்க வேண்டாம், அன்றே டாக்டரைப் பாருங்கள்.

ஜிம்மை விட வேண்டியதில்லை. ட்ரெட்மில்லில் நடக்கலாம், வேகத்தை நீங்கள் வையுங்கள். ட்ரெய்னரிடம் 'பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறேன்' என்று சொல்லுங்கள். அது என்னவென்று அவர் கேட்டால், பயிற்சியை அவரிடம் கேட்காதீர்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அந்த எண்கள் எழுதிய தாளைக் கொடுத்து, ப்ரோப்ரனோலால் இன்னும் எத்தனை நாள் தேவை என்று கேளுங்கள். படபடப்புக்கு அதை நெடுங்காலம் தொடர வேண்டிய அவசியம் எல்லோருக்கும் இருப்பதில்லை. கேட்காவிட்டால் சீட்டு அப்படியே நீண்டுகொண்டு போகும்.