ஸ்கோப்பில் ஒன்றுமில்லை, குரல் மட்டும் வரவில்லை

கேள்வி: குடியாத்தத்தில் ஆசிரியை, வயது 39. இரண்டு மாதம் முன்பு சளி பிடித்தது. சளி போய்விட்டது, குரல் திரும்பவில்லை. மூன்றாவது பீரியடுக்குள் கம்மிவிடுகிறது. வேலூரில் தொண்டைக்குள் சிறு கேமரா விட்டு ஸ்கோப் பார்த்து, “குரல் நாண்கள் நன்றாக இருக்கின்றன, குரல் பயிற்சிக்குப் போங்கள்” என்றார்கள். வீட்டிலோ, “உனக்கு ஒன்றும் இல்லையாமே” என்கிறார்கள். பயிற்சியால் குரல் வருமா?

பதில்: பெரும்பாலும் வந்துவிடும், அம்மா. கட்டி இல்லை, நாண் அசையாமல் போகும் வாதம் இல்லை என்பதுதான் அந்த ‘ஒன்றும் இல்லை’க்குப் பொருள். நடிக்கிறீர்கள் என்பதல்ல. இதை வீட்டாருக்கும் படித்துக் காட்டுங்கள்.

சளியில் நாண்கள் வீங்கியிருந்தபோதும் வகுப்பை விட்டிருக்க மாட்டீர்கள். கழுத்தை இறுக்கி, அழுத்திப் பேசியிருப்பீர்கள். வீக்கம் வடிந்தது, இறுக்கம் பழகிவிட்டது. பெண்கள் பேசும்போது நாண்கள் நொடிக்குச் சுமார் 200 முறை அதிர வேண்டும். இறுக்கிப் பிடித்தால் எப்படி அதிரும்? நம் பக்கத்துத் தெருக்கூத்தில் ஆர்மோனியப் பெட்டி வாசிப்பவரைக் கேளுங்கள்: துருத்தியில் காற்றில்லாமல் கட்டையை எவ்வளவு அழுத்தினாலும் பெட்டி பாடாது.

இப்போதே இருமிப் பாருங்கள். பிறகு, கதை கேட்பவர்போல் ‘ம்’ கொட்டுங்கள். இரண்டிலும் ஒலி தெளிவாக வந்தால் குரல் உள்ளேதான் இருக்கிறது. குரல் பயிற்சி தரும் நாங்கள் புதிதாக எதையும் தருவதில்லை. உதட்டில் குறுகுறுப்புத் தெரியும்படி அந்த ‘ம்’மை நீட்டச் சொல்வோம், அது அப்படியே ‘மா’, ‘மாமா’, ‘மணி’ ஆகும், பிறகு ‘மாமி மாங்காய் வாங்கினாள்’, கடைசியில் வருகைப் பதிவேடு. வார்த்தையிலிருந்து வகுப்பறைக்குப் போகும் இடத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள், பொறுமை வேண்டும். வாரம் ஒருமுறை வந்தால் ஆறு முதல் எட்டு வாரம் ஆகலாம். வீட்டில் செய்யாமல் வாரம் ஒருமுறை மட்டும் வந்தால் பலனில்லை.

வீட்டில் செய்ய ஒன்று: அரை டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை இரண்டு விரற்கடை மூழ்கவைத்து, குமிழி வரும்படி ‘ஊ’ என்று ஊதுங்கள். ஒரு நிமிடம், நாளைக்கு ஐந்தாறு தடவை. வலித்தால் நிறுத்திவிடுங்கள்.

சித்தரத்தை, பனங்கற்கண்டு? கேடில்லை, ஆனால் விழுங்குவது எதுவும் நாண்களைத் தொடாமல் உணவுக்குழாயில் போய்விடும். கெடுப்பது கனைப்பும், குரலைக் காப்பதாக நினைத்துக் கிசுகிசுப்பதும். கனைக்கத் தோன்றினால் ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள். ஐம்பது பிள்ளைகளோடும் கடகடக்கும் மின்விசிறியோடும் போட்டி போடாமல், இடுப்பில் மாட்டும் சிறிய மைக் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

விழுங்கச் சிரமம், மூச்சில் சத்தம், சளியில் ரத்தம் என்று எது வந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு மறுபடி ஸ்கோப் பாருங்கள்.