வராத சம்பந்திக்கு என்ன வாங்குவது?

கேள்வி: எங்கள் மகன் துபாயில் வேலை பார்க்கிறான். அங்கே நர்ஸாக இருக்கும் பிலிப்பைன்ஸ் பெண்ணை விரும்புகிறான். பெண்ணுக்கு வயது 27. நாங்களும் சம்மதித்துவிட்டோம். வைகாசியில் ஜோசியர் குறித்துக் கொடுத்த தேதியில், முறைப்படி பெண் கேட்க அவனோடு நானும் கணவரும் அவர்கள் ஊருக்குப் போகிறோம். மணிலாவுக்குத் தெற்கே லிப்பா என்ற ஊர். கிறிஸ்தவர்கள். வீட்டில் அப்பா, பாட்டி, அண்ணன் குடும்பம் என்று 9 பேர். பெண்ணின் அம்மா 21 வருஷமாக ஹாங்காங்கில் வீட்டு வேலையில் இருக்கிறார். அன்றைக்கு அவர் வர முடியாதாம், ஆகவே அவருக்கு எதுவும் வாங்க வேண்டியிருக்காது. மற்றவர்களுக்குப் பட்டுப்புடவை, வெள்ளிக் குங்குமச்சிமிழ், 5 கிலோ மைசூர்பாகு என்று யோசித்திருக்கிறோம். போதுமா? நாங்கள் சுத்த சைவம்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு

பதில்: உங்கள் கடிதத்தில் ஒரு ‘ஆகவே’ இருக்கிறது. ‘வர முடியாதாம், ஆகவே அவருக்கு எதுவும் வாங்க வேண்டியிருக்காது’ என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். மைசூர்பாகைப் பிறகு பார்க்கலாம். முதலில் இந்த ஆகவேயைப் பார்ப்போம்.

வெளிநாட்டில் சம்பந்தம் பேசப் போகிறவர்கள் ‘என்ன வாங்கிப் போவது’ என்று கேட்டு எழுதும் கடிதங்கள் நிறைய வருகின்றன. எல்லாவற்றிலும் நீளமாகப் பட்டியல் இருக்கும். அதில் யாரோ ஒருவர் விடுபட்டிருப்பார். உங்கள் பட்டியலில் விடுபட்டிருப்பவர் பெண்ணைப் பெற்றவர்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அவர் ஹாங்காங்குக்கு விமானம் ஏறியபோது உங்கள் வருங்கால மருமகளுக்கு ஆறு வயது. அங்கே வீட்டு வேலைக்கான ஒப்பந்தம் 2 வருஷத்துக்கு ஒரு முறை. அதைப் புதுப்பிக்கும்போதுதான் ஊருக்கு வந்துபோக முதலாளி செலவில் டிக்கெட் கிடைக்கும். 21 வருஷத்தில் எத்தனை முறை மகளைப் பார்த்திருப்பார் என்பதை விரல்விட்டு எண்ணிவிடலாம். 2024 செப்டம்பரில் அரசு நிர்ணயித்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 4,990 ஹாங்காங் டாலர். அப்படிப்பட்ட சம்பளத்திலிருந்துதான் வீட்டுக்கு அனுப்பி மகளை நர்ஸிங் படிக்க வைத்திருக்கிறார். அந்தப் பெண் துபாய்க்குப் போனதும் அங்கே உங்கள் மகனைப் பார்த்ததும் அதற்குப் பிறகுதான்.

பிலிப்பைன்ஸ் மக்களிடம் ‘பசலுபோங்’ என்று ஒரு வழக்கம் உண்டு. வெளியூர் போனவர் வெறுங்கையோடு வீடு திரும்பக் கூடாது. ‘சலுபோங்’ என்றால் எதிர்கொண்டு சந்திப்பது. வெளிநாட்டில் இருப்பவர்கள் நேரில் வர முடியாதபோது அதற்குப் பதிலாக அட்டைப்பெட்டி அனுப்புவார்கள். பாலிக்பாயன் பெட்டி என்று பெயர். இரண்டடி அகலமும் உயரமும் உள்ள பெரிய பெட்டி. கப்பலில் போகும். எடைக்குக் கணக்கில்லை, பெட்டிக்கு இவ்வளவு என்று கட்டணம். அதனால் ஒரு விரல் இடம்கூட வீணாகாமல் அடுக்குவார்கள். ஷூவுக்குள் காலுறை, கோப்பைக்குள் சோப்பு, ஓரங்களில் துண்டு, நடுவில் டின் மாட்டிறைச்சி, ஷாம்பு, பற்பசை, சாக்லேட். சம்பளம் வரும்போதெல்லாம் நாலைந்து சாமானாக வாங்கிச் சேர்த்து, பெட்டி நிரம்ப மாதக்கணக்கில் ஆகும். மருமகளிடம் கேட்டுப் பாருங்கள், அம்மா அனுப்பிய பெட்டியைத் திறந்தபோது வந்த சோப்பு வாசனை இன்னும் நினைவிருக்கும். 21 வருஷமாக எல்லோருக்கும் பெட்டி கட்டிய அந்த அம்மாவுக்கு யார் பெட்டி கட்டியிருப்பார்கள்? இப்போது நீங்களும், ‘அவருக்கு வேண்டியிருக்காது’ என்கிறீர்கள்.

தேதியிலும் தவறு செய்திருக்கிறீர்கள். ஜோசியரைக் கேட்ட நீங்கள் அந்த அம்மாவின் ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று கேட்கவில்லை. நம் வீட்டில் பெண்ணின் தாய் இல்லாமல் தாம்பூலம் மாற்றுவோமா? தாய் இருக்கிறார், வர வழியும் இருக்கிறது என்றால் அவர் இல்லாமல் மாற்ற மாட்டோம். அடுத்த விடுப்பு எப்போது என்று மகனைக் கேட்கச் சொல்லுங்கள். ஐந்தாறு மாதத்துக்குள் வருகிறதென்றால் தேதியைத் தள்ளிப்போடுங்கள். அதற்கு வழியே இல்லையென்றால் மட்டும் வைகாசியில் போங்கள். ஆனால் ஹாங்காங் வழியாக, ஞாயிற்றுக்கிழமை அங்கே இருக்கும்படி டிக்கெட் எடுங்கள்.

ஏன் ஞாயிறு என்கிறேன் என்றால், ஏழு நாளில் ஒரு நாள் ஓய்வு தரவேண்டும் என்பது அங்கே சட்டம், பெரும்பாலானோருக்கு அது ஞாயிறுதான். முதலாளி வீட்டிலேயே தங்கவேண்டும் என்பதும் விதி. ஆகவே அவர் உங்களை வீட்டுக்குக் கூப்பிட முடியாது, நீங்களும் கேட்டுச் சங்கடப்படுத்தாதீர்கள். சென்ட்ரல் பகுதியில் சேட்டர் ரோட்டிலும் சுற்றிலும் ஆயிரக்கணக்கான பிலிப்பைன்ஸ் பெண்கள் அன்றைக்கு அட்டையை விரித்து உட்கார்ந்திருப்பார்கள். சாப்பாடு, சீட்டாட்டம், பாட்டு, ஊருக்குப் பெட்டி கட்டுவது எல்லாம் அந்த அட்டையின் மேல்தான். அங்கே போய் அவர் பக்கத்தில் உட்காருங்கள். இந்தியப் பாஸ்போர்ட்டில் 14 நாள் வரை விசா வேண்டாம். ஆனால் கிளம்பும் முன் இணையத்தில் முன்பதிவு செய்து, அந்தத் தாளை அச்செடுத்துக்கொள்ள வேண்டும். கட்டணம் இல்லை.

அவருக்கு என்ன வாங்குவது? இரண்டு விஷயத்தை யோசியுங்கள். சாமான் வைக்க அவருக்கு இடம் கிடையாது. பலருக்குத் தனி அறைகூட இல்லை. அடுத்தது, துணியோ பாத்திரமோ எது கொடுத்தாலும் நேராக அடுத்த பெட்டிக்குள் போய்விடும், 21 வருஷப் பழக்கம். ஆகவே அவர் உடம்பிலேயே இருக்கிற மாதிரி ஒன்று கொடுங்கள். 2 கிராமில் ஒரு ஜோடி தங்கத் தோடு. நம் கடைகளில் இருக்கும் திருகாணித் தோட்டின் தண்டு தடிமன், அவர்கள் காதுத் துளையில் நுழையாது. மெல்லிய கம்பி வைத்து, பின்னால் அழுத்தி மாட்டும் வகையைக் கேட்டு வாங்குங்கள். வேலை செய்யும்போது துணியில் மாட்டாதபடி தட்டையாக, தொங்கட்டான் இல்லாமல் இருக்கட்டும். பில்லைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு ஒரு கஷ்டத்தில் அவர் அதை அடகு வைக்கலாம். வைத்தால் வைக்கட்டும், அது அவருடைய பொருள். அங்கேயே காதில் மாட்டிப் பார்க்கச் சொல்லி நச்சரிக்காதீர்கள். கொடுத்தவர் எதிரில் பரிசைப் பிரிப்பது அவர்களிடம் வழக்கமில்லை. கூடவே, காரம் இல்லாத தேன்குழல் ஒரு கிலோ. அது தோழிகளோடு அட்டையில் உட்கார்ந்து பகிர்ந்துகொள்ள.

இனி லிப்பா வீடு. மாப்பிள்ளை வீட்டார் பெண் கேட்டுப் போவதற்கு அங்கே ‘பமமன்ஹிகான்’ என்று பெயர். ‘பன்ஹிக்’ என்றால் படியேறுவது. கட்டைக்கால் நட்டுக் கட்டிய பழைய வீடுகளில் படியேறித்தான் போகவேண்டும், அதிலிருந்து வந்த சொல். இதில் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டீர்கள். அன்றைய சாப்பாட்டைக் கொண்டுபோவது மாப்பிள்ளை வீடு. சாமானோடு போய்ப் பந்தியில் உட்காரும் விருந்தாளி இல்லை நீங்கள். மூன்று நாள் முன்பே லிப்பாவில் சொல்லிவைத்து வாங்குங்கள். நம் சுளகு போல மூங்கிலில் வட்டமாகப் பின்னிய ‘பிலாவோ’ தட்டில் பலகாரம் வரும். தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்த்துக் கிண்டிய பசையரிசி ‘பீக்கோ’, ஆவியில் வெந்த ‘புத்தோ’, அடுக்கடுக்காக நிறம் வைத்த ‘சாபின்-சாபின்’, மூன்றிலும் இறைச்சி கிடையாது. பெரிய தட்டாகச் சொன்னால் ஆளுக்குக் கொஞ்சமாகப் பதினைந்து பேர் சாப்பிடலாம். இரண்டு இரண்டாகச் சொல்லுங்கள். ஒரு கேக்கும் வேண்டும். நீண்ட ஆயுளுக்கு அடையாளமாக ‘பான்சித்’ நூடுல்ஸும் இருக்கவேண்டும். அதில் இறைச்சி இருக்கும், அதைப் பெண்ணின் அண்ணனிடம் பணம் கொடுத்து ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள்.

அவர்கள் மேஜையில் பன்றி இருக்கலாம். முகத்தைச் சுளிக்காதீர்கள். நீங்கள் சைவம் என்பதை மருமகள் முன்பே சொல்லட்டும். காய்கறிக் குழம்பில்கூட மீன் சாறும் இறால் விழுதும் சேரும், ‘இறைச்சி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் அவை தட்டுக்கு வந்துவிடும். இரண்டின் பெயரையும் சொல்லி, ‘பத்தீஸ் வேண்டாம், பகோவோங் வேண்டாம்’ என்று சொல்லவேண்டும்.

ஒன்பது பேர் என்று கணக்குப் போடாதீர்கள். அத்தை, மாமா, ஞானப்பெற்றோர் (ஞானஸ்நானத்தின்போது பெற்றோர் ஸ்தானத்தில் நின்றவர்கள்), பக்கத்து வீடு என்று இருபத்தைந்து, முப்பது பேர் வருவார்கள். ஒருவருக்குக் கொடுத்து இன்னொருவருக்கு இல்லையென்றால் அந்த நாளே கெட்டுவிடும். மைசூர்பாகை 5 கிலோ டப்பாவாகக் கொண்டுபோகாமல் 125 கிராம் பொட்டலம் நாற்பதாகக் கட்டச் சொல்லுங்கள். நெய் வழியும் மெத்தென்ற வகை வேண்டாம், விமானம் மாறுவதற்குள் வெயிலில் கூழாகிவிடும். துளை துளையாக இருக்கும் கெட்டி வகை பத்து நாள் தாங்கும். பால் இனிப்பு எதுவும் வேண்டாம். பத்துப் பொட்டலமாவது யார் பெயரும் எழுதாமல் கையிருப்பில் இருக்கட்டும்.

குங்குமச்சிமிழை வீட்டிலேயே வையுங்கள். ஒரு கிறிஸ்தவக் குடும்பத்துக்கு அது எதற்கு? பட்டு, பெண்ணுக்கு மட்டும் ஒன்று. ரவிக்கையும் தைத்து, கட்டிவிடவும் தயாராகப் போங்கள். பாட்டிக்கும் அத்தைகளுக்கும் ஈரோட்டிலேயே நல்ல பொருள் இருக்கிறது: பருத்தி நைட்டி. அங்கே வீட்டில் பெண்கள் போடுவது ‘தாஸ்தர்’, அதுவும் தொளதொளவென்ற பருத்தி உடைதான். அவர்கள் பெரும்பாலும் நம்மைவிடக் குள்ளம். நம் கடை நைட்டி தரையைப் பெருக்கும். 48 அங்குல நீளத்தில், அரைக்கை வைத்து, பக்கத்தில் பை தைத்து வாங்குங்கள். கறுப்பு வேண்டாம், பெரியவர்களுக்குத் துக்க நிறம். ஆண்களுக்கு மெல்லிய ஈரோட்டுத் துண்டு இரண்டிரண்டு. வியர்வை துடைக்கத் தோளிலேயே போட்டுக்கொள்ளும் வழக்கம் அவர்களுக்கும் உண்டு. செருப்பும் கத்தியும் பரிசாக வேண்டாம், உறவு அறுந்துபோகும் என்பார்கள். பர்ஸ் கொடுத்தால் உள்ளே ஒரு நோட்டு வைத்துக் கொடுங்கள்.

பாட்டிக்கு இன்னொன்றும் உண்டு, ஆனால் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ‘கிறிஸ்தவர்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள், எந்தச் சபை? கத்தோலிக்கர் என்றால் வேளாங்கண்ணியிலிருந்து ஒரு ஜெபமாலை வாங்கிப் போங்கள். லிப்பா இருக்கும் பத்தாங்காஸ் மாகாணத்தில் தால் என்ற ஊரில் காய்சாசாய் மாதா கோயில் இருக்கிறது. 1603-ல் மீனவர் ஒருவரின் வலையில் அந்தச் சிலை கிடைத்ததாக நம்புகிறார்கள். கடலோர மாதாவின் கதையை அந்தப் பாட்டிக்கு நீங்கள் விளக்கவேண்டியிருக்காது. அவர்கள் இக்லேசியா நி கிறிஸ்தோ சபை என்றாலோ பெந்தெகொஸ்தே போன்ற சபை என்றாலோ ஜெபமாலையும் சொரூபமும் கொடுக்கக் கூடாது, மனம் புண்படும்.

வீட்டுக்குள் போனதும் பாட்டியின் காலில் விழாதீர்கள், திடுக்கிட்டுப் போவார். ‘மானோ போ’ என்று சொல்லி அவர் கையைப் பிடித்து, புறங்கையை உங்கள் நெற்றியில் ஒற்றிக்கொள்ளுங்கள். மகன் மட்டுமில்லாமல் நீங்களும் கணவரும் செய்யுங்கள். ஆறு வயதிலிருந்து அந்தப் பெண்ணுக்குத் தலைவாரிவிட்ட கை அதுவாகத்தான் இருக்கும்.

பொருள்களை மேஜையில் கடை விரிக்காமல், பெயர் சொல்லி ஒவ்வொருவர் கையிலும் கொடுங்கள். கல்யாணச் செலவு பற்றிப் பேச்சு வரும். வழக்கப்படி அது மாப்பிள்ளை வீட்டுப் பொறுப்பு. ‘பெண் வீட்டில் என்ன செய்வார்கள்’ என்ற கேள்வி உங்கள் வாயிலிருந்து வரக் கூடாது. வரும் எண்ணம் இருந்தால் டிக்கெட்டை ரத்து செய்துவிடுங்கள்.

இன்னொரு செய்தி. நம் ‘சம்பந்தி’க்கு அவர்கள் மொழியில் ஒரே சொல்லாக ‘பலாயே’ என்று இருக்கிறது. பேச்சைத் தொடங்கும்போது ஹாங்காங்குக்கு வீடியோவில் கூப்பிட்டு, தொலைபேசியை மேஜையில் பாட்டிக்குப் பக்கத்தில் நிமிர்த்தி வையுங்கள். அதற்கும் வேலை நேரம் பார்க்கவேண்டும். ஞாயிறாக இருந்தால் அவரால் முழுதும் இருக்கமுடியும், மற்ற நாளில் முதலாளி வீட்டு இரவுச் சமையல் முடிந்த பிறகுதான். பிலிப்பைன்ஸும் ஹாங்காங்கும் ஒரே நேரம், கணக்குப் பார்க்கத் தேவையில்லை. தேதி, இடம், கல்யாணத்தில் ஞானப்பெற்றோராக நிற்பவர்கள் யார் என்பதையெல்லாம் அவர் ‘சரி’ என்று சொன்ன பிறகு முடிவு செய்யுங்கள்.

கையிருப்பில் வைத்த பத்தைத் தவிர ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் பேனாவால் பெயர் எழுதவேண்டும். தோட்டுப்பெட்டியில் எழுத அந்த அம்மாவின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? கடிதத்தில் அது இல்லை. இன்றைக்கே மகனிடம் கேளுங்கள்.